நோயின் பெயர் யாருக்குத் தேவை? பணியிட வசதிக் கோரிக்கையும் ஊழியரின் மருத்துவத் தகவலும்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருவருக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருந்தது. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, இரவுத் தூக்கமும் கெடாமல் இருந்தால் அவருடைய வேலையில் எந்தக் குறையும் இருக்காது. தூக்கம் கெட்டால்தான் சிக்கல். மாதம் ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் வரும் என்ற நிலை வந்தபோது, தனக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மனநல மருத்துவர் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தையும் இணைத்தார். நோயின் பெயர், இரண்டு மருந்துகளின் பெயர்கள், எத்தனை ஆண்டுகளாகச் சிகிச்சை, முன்பொருமுறை மருத்துவமனையில் தங்க நேர்ந்தது எல்லாமே அந்தக் கடிதத்தில் இருந்தன. மேலாளர் அதை ஹெச்.ஆருக்கு அனுப்பினார். ஹெச்.ஆர். ஒப்புதல் தந்து, ஷிஃப்ட் பட்டியல் போடுபவருக்கு அதே மின்னஞ்சலைத் தள்ளிவிட்டார். அவர், வண்டி நேரம் மாறும் என்பதால், போக்குவரத்துப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். அங்கிருந்து அது வண்டி ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது ஓட்டுநர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "மேடம், உங்களுக்கு மனசு சம்பந்தமா ஏதோ வைத்தியம் நடக்குதாமே, இப்ப பரவாயில்லைங்களா?"

யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைத்தான் செய்தார்கள். கோரிக்கையும் தாமதமின்றி ஏற்கப்பட்டது. ஆனாலும், இரவு வேலை வேண்டாம் என்ற ஒரே செய்தியைச் சுமக்க வேண்டிய மின்னஞ்சல், ஒரு மனிதரின் நான்கு ஆண்டு மருத்துவ வரலாற்றைச் சுமந்துகொண்டு ஐந்து மேசைகளைக் கடந்திருக்கிறது. மாற்றுத்திறன் உள்ள ஊழியர் வசதி கேட்கும்போது அவரைப் பற்றிய தகவலை எப்படிக் கையாள்வது என்ற கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. அலுவலகத்துக்குத் தேவைப்படுவது ஊழியரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, எதை மாற்றிக் கொடுத்தால் செய்ய முடியும் என்ற விவரம். அலுவலகம் கேட்டு வாங்குவதோ நோயின் பெயரை. தேவையையும் நோயையும் முதல் படிவத்திலேயே பிரித்துவிட்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி எழவே எழாது. பிரிக்காமல் விட்டால், பிறகு எத்தனை பூட்டுப் போட்டாலும் கசிவு நிற்காது என்பதே என் அனுபவமும் முடிவும்.

இந்தியாவில் இது பற்றிய சட்டநிலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு சட்டங்கள் இரண்டு பக்கமிருந்து வந்து இந்த இடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று கண்ணெடுத்துப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. முதலாவது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையை அனுபவிப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து கொடுப்பதை இச்சட்டம் நியாயமான வசதி என்கிறது. அந்த மாற்றம் நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறைப் பிரிவே சொல்கிறது. வேலைவாய்ப்பில் இந்த வசதியைச் செய்து கொடுத்தாக வேண்டும் என்று 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களுக்கு அவ்வளவு நேரடியான வாசகம் இல்லை. 3-ஆம் பிரிவின் பொதுவான பாகுபாட்டுத் தடையும், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்ற 21-ஆம் பிரிவும் சேர்ந்துதான் அவற்றைத் தொடுகின்றன. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்றளிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே வசதி என்ற நினைப்பு இன்னும் பல ஹெச்.ஆர். பிரிவுகளில் உண்டு. அதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக மறுத்தது. எழுதும்போது விரல்கள் பிடித்துக்கொள்ளும் குறைபாடு கொண்ட அந்தத் தேர்வருக்கு, 40 சதவீத வரம்பைக் காரணம் காட்டி மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் உதவி எழுத்தர் வசதியை மறுத்திருந்தது. அந்த வரம்பு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கானது, நியாயமான வசதிக்கு அது நிபந்தனை ஆகாது என்றது நீதிமன்றம்.

இதே சட்டம்தான் தகவல் சேகரிப்புக்கும் கதவைத் திறக்கிறது. 22-ஆம் பிரிவு, மாற்றுத்திறன் உள்ள ஊழியர்களைப் பற்றிய பதிவேட்டை நிறுவனங்கள் பராமரிக்க வேண்டும் என்கிறது. 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டியவற்றை அடுக்குகின்றன: எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து வேலையில் இருக்கிறார்கள், அவர்களுடைய பெயர், பாலினம், முகவரி, மாற்றுத்திறனின் தன்மை, செய்யும் வேலை, அளிக்கப்படும் வசதிகள். அதிகாரிகள் கேட்டால் காட்டவும் வேண்டும். நோக்கம் சரியானதே. பதிவேடு இல்லாவிட்டால், வசதி செய்து கொடுத்தோம் என்று நிறுவனம் சொல்வதை யாரும் சோதிக்க முடியாது. ஆனால் இந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம், எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பதைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை. "மாற்றுத்திறனின் தன்மை" என்ற வாசகத்தைப் படித்துவிட்டு முழு மருத்துவக் கோப்பையும் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. விதி கேட்பதோ பார்வை, செவி, இயக்கம், மன நலம் என்ற அளவிலான வகையை மட்டுமே என்று படிப்பதுதான் பொருத்தமான வாசிப்பு. மருந்தின் பெயரையோ மருத்துவமனையில் தங்கிய நாட்களையோ எந்த விதியும் கேட்கவில்லை.

மறுபக்கத்திலிருந்து வருவது தரவுப் பாதுகாப்பு. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்ததற்கு முன்பே, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ் 2011-இல் வந்த விதிகள், உடல் நிலை, மன நிலை, மருத்துவ வரலாறு ஆகியவற்றை, கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியே பிரித்து வைத்திருந்தன. அவற்றைத் திரட்ட எழுத்துவடிவ ஒப்புதல் வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒப்புதலின்றி வெளியாருக்குத் தரக் கூடாது என்றன. 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவு மசோதாவும், வேலை தொடர்பான காரணங்களுக்காக ஊழியரின் ஒப்புதல் இல்லாமல் தரவைக் கையாள நிறுவனத்துக்கு இடம் கொடுத்தபோது, நுண்ணுணர்வுத் தரவுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சேர்த்தே எழுதியிருந்தது. அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதன் பின் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இல் நுண்ணுணர்வுத் தரவு என்ற வகையே இல்லை. ஊழியரின் கைப்பேசி எண்ணுக்கும் அவருடைய மனநல மருத்துவரின் கடிதத்துக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே எடைதான்.

அதன் 7-ஆம் பிரிவில் ஒப்புதல் தேவைப்படாத பயன்பாடுகளின் பட்டியல் இருக்கிறது. வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகள் அதில் ஒன்று. ஊழியர் தாமே கேட்கும் சேவையையோ பயனையோ வழங்குவதும் அதற்குள் அடங்கும். வசதிக் கோரிக்கை என்பது ஊழியர் கேட்கும் பயன்தானே என்று நிறுவனம் வாதிடலாம், வாதம் நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஊழியருக்கே வசதியானது போலவும் தோன்றும், ஏனெனில் மேலாளர் முன் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் வாங்கும் ஒப்புதல் எவ்வளவு மனமுவந்த ஒப்புதல் என்ற சங்கடமான கேள்வி அங்கே எழாது. ஆனால் சட்டத்தைத் தொடர்ந்து படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. என்ன தகவலை எதற்காகத் திரட்டுகிறோம் என்ற அறிவிப்பைத் தர வேண்டிய கடமை ஒப்புதல் கேட்கும்போதுதான் எழுகிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யாருடன் பகிர்ந்தார்கள் என்று கேட்டுப் பெறும் உரிமையும், திருத்தவோ அழிக்கவோ கோரும் உரிமையும் ஒப்புதல் கொடுத்தவர்களுக்கென்றே 11, 12-ஆம் பிரிவுகளில் எழுதப்பட்டுள்ளன. ஆக, வேலைவாய்ப்புத் தேவை என்ற வழியை நிறுவனம் தேர்ந்தெடுத்தால், ஊழியருக்கு அறிவிப்பும் இல்லை, கேட்டறியும் உரிமையும் இல்லை. என் தோழி இந்தப் புதிய சட்டத்தின் கீழ் நிறுவனத்திடம் சென்று "என் கடிதம் யார் யாரிடம் போயிருக்கிறது?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் இருக்க நிறுவனத்துக்குச் சட்டத்தின் ஓர் ஓரம் கிடைக்கும். ஒருவர் தம் உடலையும் மனதையும் பற்றி மிக அதிகமாகத் திறந்து காட்டும் இடத்தில் அவருடைய உரிமை மிகக் குறைவாக இருக்கும்படி எழுதப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், வசதிக் கோரிக்கைகளுக்கு ஒரு பக்க அறிவிப்பைத் தருவதையும், கேட்டால் பகிர்வு விவரத்தைச் சொல்வதையும் நிறுவனங்கள் தம் சமவாய்ப்புக் கொள்கையிலேயே எழுதிவைக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களின் கொள்கையில் எவை எவை இடம்பெற வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. மாற்றுத்திறன் உள்ள ஊழியர்களுக்கான தொடர்பு அலுவலரை நியமிப்பது அவற்றுள் ஒன்று. அந்த ஆவணத்தில் தகவல் இரகசியத்துக்கென ஒரு பத்தியைச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

புதிய சட்டத்தில் ஊழியருக்குச் சாதகமானவையும் உண்டு. பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வது, தரவு மீறலைத் தெரிவிப்பது, நோக்கம் முடிந்ததும் அழிப்பது ஆகிய கடமைகள் ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகின்றன. தரவு மீறல் என்றவுடன் எங்கோ இருக்கும் ஹேக்கர் கணினிக்குள் புகுவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் வரையறை அதைவிட அகலமானது: அனுமதியின்றிக் கையாள்வதும், தவறுதலாக வெளிப்படுத்துவதும், இரகசியத்தைக் குலைக்கும் எந்தப் பகிர்வும் அதற்குள் வரும். வண்டி ஒப்பந்தக்காரருக்குப் போன அந்த மருத்துவக் கடிதம் இந்த வரையறைக்குள் சிக்கலின்றிப் பொருந்தும். மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விரிவான விவரம் தர 72 மணி நேரம் என்று இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் காலம் குறிக்கின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒப்பந்தக்காரர் செய்த தவறு என்று கைகழுவவும் முடியாது. நிறுவனத்தின் சார்பில் தரவைக் கையாள்பவர்களுக்கு நிறுவனமே பொறுப்பு. இந்த விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; சட்டத்தின் முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் உயிர்பெறுகின்றன. அதுவரை 43ஏ பிரிவும் 2011 விதிகளும் நிலைக்கின்றன. அவற்றின் கீழ் மருத்துவக் கடிதம் இன்னும் நுண்ணுணர்வுத் தகவல்தான், எழுத்துவடிவ ஒப்புதல் இன்னும் தேவைதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2023 சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள, அல்லது பின்னர் அவ்வடிவுக்கு மாற்றப்படும் தரவுக்கு மட்டுமே பொருந்தும். ஹெச்.ஆர். அலமாரியில் காகிதமாகவே இருக்கும் சான்றிதழ் நகல் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

நோயின் இரகசியத்தைப் பணியிடத்தில் காப்பது எப்படி என்பது நம் நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாத வித்தை அல்ல. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதைத் தடுக்கிறது, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அத்தகைய தகவலை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைப் பாதுகாக்கும் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயாளியின் சிகிச்சை விவரம் இரகசியமாக இருக்க வேண்டும் என்று உறுதி தருகிறது, ஆனால் அதன் பிடி மருத்துவர் பக்கம்தான். ஊழியரே கடிதத்தை மேலாளரிடம் கொடுத்துவிட்ட பிறகு அந்தக் காப்பு அவருக்கு அவ்வளவாக உதவாது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. அதன் 22-ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகளின் தனிப்பட்ட தகவலையும் மருத்துவ, மறுவாழ்வுத் தகவலையும் மற்றவர்களுக்குச் சமமாகக் காக்க வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்கென்றே எழுதப்பட்ட 2016 சட்டத்தில் பணியிட இரகசியத்துக்கு ஒரு பிரிவு கூட இல்லை என்பது பெரிய இடைவெளி.

அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த இடத்தில் எளிமையான ஏற்பாடு ஒன்றைச் செய்தது. பணியாளரிடமிருந்து பெறும் மருத்துவத் தகவலைத் தனிப் படிவத்தில் வாங்கி, மற்ற பணிக்கோப்புகளிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில், இரகசிய மருத்துவ ஆவணமாக வைக்க வேண்டும். மேலாளருக்குச் சொல்லலாம், ஆனால் வேலையில் என்ன கட்டுப்பாடு, என்ன வசதி என்பதை மட்டுமே சொல்லலாம். அவசரச் சிகிச்சை தேவைப்படக்கூடும் என்றால் முதலுதவிப் பொறுப்பாளருக்குச் சொல்லலாம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேலை தருவதாக முடிவு சொல்வதற்கு முன் உடல்நிலை பற்றிக் கேட்பதையே தடுக்கிறது. அந்நாட்டுத் தரவுச் சட்டத்தில் உடல்நலத் தகவல் சிறப்பு வகையாகவும் தொடர்கிறது. இவற்றுள் தனிக் கோப்பு என்ற ஏற்பாட்டை நம் நிறுவனங்கள் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஒரு பூட்டிய கோப்புறை, அதன் சாவி இருவரிடம்.

நடைமுறைக்கு வருவோம். இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முதல் கடிதம் என் தோழி கொடுத்தது. அதில் என்ன இருந்தது என்று மேலே சொன்னேன். இரண்டாவது, அவர் பிறகு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தபோது அதே மருத்துவரிடம் கேட்டு வாங்கியது. அதில் மூன்று வரிகளே இருந்தன: "இவர் என் சிகிச்சையில் உள்ளவர். மருத்துவக் காரணங்களால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இவருக்குப் பணி ஒதுக்கக் கூடாது. ஓராண்டு கழித்து இந்தத் தேவையை மறுபரிசீலனை செய்யலாம்." கையொப்பம், பதிவெண், தேதி. இந்தக் கடிதம் எத்தனை மேசைகளைக் கடந்தாலும் அது சுமப்பது ஷிஃப்ட் நேரத்தை மட்டுமே. தலைப்பில் மனநல மருத்துவமனையின் பெயர் அச்சாகியிருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும் என்று, வெற்றுத் தாளில் எழுதித் தரும்படி அவர் கேட்டுக்கொண்டார். முதல் படிவத்தை வடிவமைக்கும் நிறுவனம் இந்த வேலையை ஊழியரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது. "உங்கள் நோய் என்ன?" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "வேலையின் எந்தப் பகுதி கடினமாக இருக்கிறது? எதை மாற்றினால் உதவும்? எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டால் போதும். பார்வைக் குறைபாடு உள்ளவர் "எனக்குத் திரைவாசிப்பு மென்பொருள் வேண்டும், படமாக ஸ்கேன் செய்த ஆவணங்களை அனுப்ப வேண்டாம்" என்று எழுதினால், விழித்திரையில் என்ன கோளாறு என்பது கணினிப் பிரிவுக்கு எந்த வகையில் உதவும்?

ஆதாரம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. கோரிக்கை எல்லாவற்றுக்கும் வேண்டாம்; நாற்காலியை மாற்றுவதற்கும் மேசை விளக்குக்கும் மருத்துவச் சான்று கேட்கும் அலுவலகம் தன் நேரத்தையும் வீணாக்குகிறது. செலவு கூடுதலான, பணி ஒதுக்கீட்டைப் பாதிக்கும் கோரிக்கைகளுக்கு ஆதாரம் கேட்கலாம். அப்போதும், பார்ப்பதும் நகல் எடுத்து வைப்பதும் ஒன்றல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையையோ சான்றிதழையோ தொடர்பு அலுவலர் நேரில் பார்த்து, "பார்த்தேன், சரியானது, இந்தத் தேதி" என்று குறித்துக்கொண்டு திருப்பித் தரலாம். அந்த அட்டையின் நிறக் கோடே பேசும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். அதன் நகலை எல்லாரும் திறக்கும் கோப்புறையில் போட்டு வைப்பது ஒருவரின் உடல்நிலையைச் சுவரில் ஒட்டுவதற்குச் சமம். 2024-இல் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரின் சான்றிதழ் பற்றிய சர்ச்சை எழுந்தபோது, அதோடு தொடர்பே இல்லாத வேறு பல மாற்றுத்திறன் அதிகாரிகளின் படங்களும் காணொளிகளும் சமூக ஊடகங்களில் சுற்ற விடப்பட்டு, "இவருக்கு எங்கே குறைபாடு தெரிகிறது?" என்று கேட்கப்பட்டதை நினைவில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் அலுவலகத்தில் வாய் திறக்கத் தயங்குவதற்கு இந்தச் சந்தேகப் பார்வையே பாதிக் காரணம். போலிச் சான்று காட்டிச் சலுகை பெறுவது 2016 சட்டத்திலேயே தண்டனைக்குரிய குற்றம். அதைக் கண்டுபிடிக்க எல்லாருடைய கோப்பையும் குவித்து வைக்க வேண்டியதில்லை.

வசதிக் கோரிக்கை என்ற வாசலை மட்டும் காவல் காத்தாலும் போதாது, ஏனென்றால் இதே தகவல் அலுவலகத்துக்குள் வேறு வாசல்கள் வழியாகவும் வருகிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80யூ பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய கழிவைக் கோரியவர்கள் சம்பளப் பிரிவுக்குச் சான்றிதழைக் கொடுத்திருப்பார்கள். 75,000 ரூபாய் என்று எழுதினால் 40 சதவீதத்துக்கு மேல், 1,25,000 என்று எழுதினால் 80 சதவீதத்துக்கு மேல் என்பது சம்பளக் கணக்கு பார்ப்பவர் எவருக்கும் தெரியும். குழு மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகள் இன்னொரு வாசல். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி வெளியிடும் பொறுப்பு அறிக்கையில் மாற்றுத்திறன் ஊழியர்களின் எண்ணிக்கையை ஆண், பெண் வாரியாகச் சொல்ல வேண்டும். அதற்காகக் கணக்கெடுப்பு நடக்கிறது. நிறுவனம் முழுமைக்கும் எண்ணிக்கை சொல்வதில் கேடில்லை. அதே கணக்கை உள்ளுக்குள் கிளை வாரியாக, பிரிவு வாரியாகப் பிரித்து வட்ட வரைபடம் போட்டுக் காட்டும்போது, "கோவைக் கிளை, கணக்குப் பிரிவு, பெண், 1" என்று ஒரு கட்டம் வரும். பெயர் இல்லாமலே அந்தப் பெண் யார் என்று கோவைக் கிளைக்கே தெரிந்துவிடும். கணக்கெடுப்புக்காகச் சொன்னதைக் கொண்டு வசதிக் கோரிக்கையை எடைபோடுவதும், வரிக்காகக் கொடுத்ததைக் கொண்டு பதவி உயர்வின்போது தகுதியை எடைபோடுவதும் கூடாது.

யாருக்கும் ஒன்றும் சொல்லக் கூடாது என்பதல்ல என் வாதம். காது கேளாத சக ஊழியர் இருக்கும் குழுவில், பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், கூட்டங்களில் எழுத்து வடிவம் ஓட வேண்டும் என்பதை எல்லாரும் அறிந்திருந்தால்தான் வசதி வசதியாக இருக்கும். ஏழாவது மாடியில் சக்கர நாற்காலியில் வேலை பார்ப்பவரைத் தீ விபத்தின்போது யார் இறக்குவது என்பது காவலர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அத்தகைய இடங்களில் என்ன சொல்வது, எந்தச் சொற்களில், யார் சொல்வது என்பதை அந்த ஊழியரே முடிவு செய்ய வேண்டும்; சிலர் தாமே எழுந்து குழுவிடம் பேச விரும்புவார்கள், சிலர் இரண்டு வரியைத் தாமே எழுதிக் கொடுத்து மேலாளரை வாசிக்கச் சொல்வார்கள். காவலர் கையில் இருக்கும் பட்டியலில் பெயரும் இருக்கை எண்ணும் செய்ய வேண்டிய உதவியும் இருந்தால் போதும்.

கசிவு பெரும்பாலும் மிகச் சாதாரண இடங்களில்தான் நடக்கிறது. விடுப்பு மென்பொருளில் காரணம் எழுதும் கட்டம் குழு நாட்காட்டியில் எல்லாருக்கும் தெரியும்படி அமைந்திருக்கும். "பிசியோதெரபி" என்று எழுதியவர் அது மேலாளருக்கு மட்டும் போகிறது என்று நம்பியிருப்பார். ஷிஃப்ட் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் "ஹெல்த் இஷ்யூ இருப்பதால் இவருக்கு நைட் கிடையாது" என்று ஒரு வரி விழும். கூட்டத்தில் "அவருக்கு மட்டும் ஏன் வீட்டிலிருந்து வேலை?" என்று யாராவது கேட்க, மேலாளர் நியாயப்படுத்துவதாக நினைத்து உண்மையைச் சொல்லிவிடுவார். அந்தக் கேள்விக்கு "அது நிறுவனம் முறைப்படி அனுமதித்த ஏற்பாடு, உங்களுக்கு ஏதாவது தேவை இருந்தால் நீங்களும் கேட்கலாம்" என்பதே முழுமையான பதில். இந்த ஒரு வாக்கியத்தை மேலாளர்களுக்குப் பழக்கப்படுத்துவது எந்த மென்பொருளையும் விட அதிகப் பாதுகாப்பைத் தரும்.

தகவல் அளவுக்கு மீறிக் குறைந்தாலும் ஊழியருக்கே கேடு. மேலாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட வசதி, அவர் மாறிப்போனதும் காற்றில் போகும். புதிய மேலாளர் முன் உட்கார்ந்து, ஆறி வரும் புண்ணை மறுபடி கீறிக் காட்ட வேண்டும். பிரிட்டன் அரசுத் துறைகளில் வசதிக்கான கடவுச்சீட்டு என்ற பெயரில் ஓர் ஆவணம் பயன்பாட்டில் உள்ளது. ஒப்புக்கொண்ட வசதிகள் மட்டும் எழுதப்பட்ட அது ஊழியரோடு பயணம் செய்யும். பிரிவு மாறினாலும் மேலாளர் மாறினாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. வசதியை மறுத்தால் அதற்கான காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ நீதிமன்றத்திலோ ஊழியருக்குக் காட்ட ஒன்றும் இராது. மனநலக் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் நிலையில் இருக்கிறார்கள் என்று 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அத்தகைய நேரத்தில் தன் நிலையை நிறுவனம் முன்பே அறிந்திருந்தது என்று நிறுவ, தேதியிட்ட அந்த வசதிப் பதிவே ஊழியரின் சாட்சி.

எனவே அழிப்பதிலும் நிதானம் வேண்டும். மருத்துவக் கடிதத்தை, முடிவெடுத்ததும் திருப்பித் தரலாம் அல்லது அழிக்கலாம்; அதன் வேலை அங்கே முடிகிறது. ஒப்புக்கொண்ட வசதி, தேதி, மறுபரிசீலனை நாள் ஆகியவை வேலையில் இருக்கும் வரை இருக்கட்டும். விலகிய பின், வழக்கோ முறையீடோ எழக்கூடிய நியாயமான காலம் வரை பூட்டிய கோப்பில் வைத்து, பிறகு நீக்கலாம். அடுத்த நிறுவனத்தின் விசாரணைக்குப் பதில் எழுதுபவர் கையில் அது போகக் கூடாது. இவை எல்லாவற்றையும் செய்ய, தகவல் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கடிதம் ஒரே இடத்தில் பெறப்பட்டு, அங்கிருந்து "இரவுப் பணி இல்லை, மறுஆய்வு அடுத்த ஆண்டு" என்ற வரி மட்டும் வெளியே போயிருந்தால், அழிப்பது ஒரு நிமிட வேலை. என் தோழியின் முதல் கடிதம் அப்படிப் போகவில்லை. அவர் அந்த நிறுவனத்தை விட்டு விலகும் நாளில், அதை அழித்துவிடும்படி ஹெச்.ஆரிடம் எழுதிக் கேட்டார். அவருடைய பணிக்கோப்பிலிருந்து நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. மற்ற நான்கு அஞ்சல் பெட்டிகளைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை.